இந்தோனேசிய இரவுச் சாப்பாடு, அரிசிக்குப் பதில் காலிஃபிளவர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாலு பேருக்கு ஓர் இரவுச் சாப்பாடு. மீன், இறைச்சி, முட்டை, பால் எதுவும் கிடையாது, மாவுச்சத்தைக் குறைப்பதற்காக அரிசியும் கிடையாது. தேங்காய்ப் பாலில் காய்கள் வேகும் சாயுர் லோடே, வறுத்த டெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), தேங்காய்த் துருவல் கலந்த காய்கறிக் கலவையான உராப், ஓரத்தில் ஒரு மிளகாய்ச் சம்பல், நடுவில் மஞ்சள் நிறத்தில் காலிஃபிளவர் சோறு. இதை வீட்டில் பலமுறை நன்றாகவும் சிலமுறை படுமோசமாகவும் செய்திருக்கிறேன். சாப்பிட வந்தவர்கள் கேட்டவையும், அடுப்பு முன்னால் நின்று நானே என்னைக் கேட்டுக்கொண்டவையும் கீழே.

அரிசி இல்லாமல் இந்தோனேசியச் சாப்பாடா? அங்கே யாராவது ஒத்துக்கொள்வார்களா?

ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நாசி, அதாவது சோறு, சாப்பிடாவிட்டால் சாப்பிட்டதாகவே கணக்கில்லை என்று அங்கே சாதாரணமாகச் சொல்வார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் நாலு சப்பாத்தி தின்றபிறகும் "கொஞ்சம் சோறு போடு" என்பார்களே, அதே கதைதான்.

ஆனால் அந்த நாடு முழுக்க அரிசியால் மட்டும் வாழ்ந்ததில்லை. மதுரா தீவில் சோளச் சோறு உண்டு. ஜாவாவின் குனுங் கிடுல், பச்சித்தான் போன்ற வறண்ட மேட்டு நிலங்களில் மரவள்ளிக் கிழங்கைக் காயவைத்து மாவாக்கி வேகவைக்கும் தீவுல் உண்டு. மலுக்குவிலும் பாப்புவாவிலும் சவ்வரிசி மரத்தின் மாவில் கிண்டும் பாப்பெடா உண்டு. அரிசிக்கு மாற்று என்பது அவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் இவை எல்லாமே மாவுச்சத்துதான். அரிசியை விட்டுவிட்டுத் தீவுல் சாப்பிட்டால் மனசுக்கு மாறுதல், ரத்தச் சர்க்கரைக்கு இல்லை.

காலிஃபிளவரில் எவ்வளவு மிச்சமாகும்?

வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. காலிஃபிளவரில் அதே எடைக்கு 5 கிராம், அதிலும் 2 கிராம் நார். ஒரு தட்டுக்கு 200 கிராம் என்று வைத்தால், 56 இருந்த இடத்தில் 10.

கடையில் கொஞ்சாக் அரிசி என்று விற்கிறார்களே, அது இன்னும் குறைவாமே?

ஆமாம். கொஞ்சாக் என்பது ஒரு கிழங்கு; அதன் மாவில் செய்த அரிசியில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரும் குளுக்கோமன்னான் என்ற நாரும்தான். சுவாரசியமான விஷயம், இந்த உணவுக்கு அதுதான் ஊர்ப் பொருத்தமும் உள்ளது. கிழக்கு ஜாவாவில் போராங் என்ற கிழங்கை ஏக்கர் கணக்கில் பயிரிட்டு ஏற்றுமதி செய்கிறார்கள். அதன் மாவிலிருந்தும் இந்த அரிசி தயாராகிறது. போராங் நம் சேனைக்கிழங்கின் பங்காளி, அதே பேரினம். சேனையும் அங்கே சுவெக் என்ற பெயரில் விளைகிறது. அதைப் படித்துவிட்டுச் சேனையைத் துருவிச் சோறு செய்யக் கிளம்பிவிடாதீர்கள். சேனையில் இருப்பது நல்ல மாவு.

தண்ணீரோடு பையில் வரும் கொஞ்சாக் அரிசியைத் திறந்ததும் ஒரு சுண்ணாம்பு நெடி, கிட்டத்தட்ட மீன் நெடி, வரும். வடிகட்டியில் இரண்டு நிமிடம் ஓடும் நீரில் கழுவி, எண்ணெயில்லாத வாணலியில் ஈரம் வற்றி "கிரீச் கிரீச்" என்று சத்தம் வரும்வரை புரட்டினால் போய்விடும். உலர்ந்த அரிசி வடிவில் வருவதில் மரவள்ளி மாவு கலந்திருக்கலாம். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். என் ஓட்டு காலிஃபிளவருக்குத்தான். கொஞ்சாக்குக்குச் சொந்தமாக ஒரு ருசியும் கிடையாது, மெல்லும்போது ரப்பர் ஞாபகம் வரும். நாசி கோரெங் மாதிரி வறுத்த பண்டத்துக்கு வேண்டுமானால் கொஞ்சாக் பரவாயில்லை.

என் காலிஃபிளவர் சோறு ஒவ்வொரு தடவையும் கஞ்சியாகிறது. ஏன்?

தண்ணீர். காலிஃபிளவரின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். அரிசிக்கு நாம் தண்ணீர் ஊற்றிப் பழகியவர்கள். இதற்குத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். கை பழக்கத்தில் எதிர்ப்பக்கம் போய்விடுகிறது.

முதல் தவறு புழு பயத்தில் நடக்கிறது. வெந்நீரில் உப்பும் மஞ்சளும் போட்டுப் பூவை ஊறவைத்து, எடுத்த ஈரத்தோடு மிக்சியில் போடுகிறோம். ஊறவைப்பது தப்பில்லை. ஆனால் அதை மதியமே முடித்து, துணியில் பரப்பி, மின்விசிறிக் காற்றில் இரண்டு மணி நேரம் உலர விடுங்கள். அப்புறம் காய்ந்த மிக்சி ஜாரில் பாதிக்கு மேல் நிரப்பாமல், விட்டு விட்டு ஐந்தாறு சுற்று. ஒரேயடியாக ஓடவிட்டால் சட்னி. பொறுமை இருந்தால் காய் துருவியின் பெரிய துளையே போதும். மணி மணியாக வரும். துருவியதை மெல்லிய துணியில் கட்டி, பால் பிழிவதுபோல ஒருமுறை பிழியுங்கள். எவ்வளவு நீர் இறங்குகிறது என்று பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

ஒரு கிலோ பூவில் தண்டும் இலையும் போக 700 கிராம் தேறும், நாலு பேருக்குச் சுமாராகப் போதும். அகலமான இரும்பு வாணலியை நன்றாகச் சூடாக்கி, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய், தட்டிய எலுமிச்சைப்புல் ஒன்று, அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள் போட்டு வாசனை வந்ததும் காலிஃபிளவரைக் கொட்டிப் பெரிய தீயில் ஐந்து நிமிடம் புரட்டுங்கள். மூடி போடக் கூடாது. கெட்டித் தேங்காய்ப் பால் இரண்டு மேசைக்கரண்டி மட்டும், கடைசி நிமிடத்தில். உப்பும் கடைசியில்தான், முதலிலேயே போட்டால் மீண்டும் நீர் விடும். நாசி கூனிங் என்ற மஞ்சள் சோற்றின் சாயல் இதில் வரும். சாயல்தான், சோறு அல்ல. ரம்பை இலை கிடைத்தால் ஒரு துண்டு முடிந்து போடுங்கள். அங்கே அது பாண்டான். இலங்கைச் சமையலறைகளில் தினமும் புழங்குவது.

அரிசியை மாற்றிவிட்டேன். அப்படியானால் சாப்பாடு மாவுச்சத்து குறைந்ததாகிவிட்டதா?

இங்கேதான் பெரும்பாலானோர் ஏமாறுகிறோம். ஜாவா சமையல், முக்கியமாக யோக்யகர்த்தா பக்கம், இனிப்பு தூக்கலான சமையல். கெச்சாப் மானிஸ் என்ற இனிப்புச் சோயா சாறு கரும்பாகு போலக் கெட்டியாக இருப்பதற்குக் காரணம் அதில் பாதிக்கு மேல் சர்க்கரை. ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 10 கிராம். நாலு கரண்டி ஊற்றி டெம்பேயைப் புரட்டினால், சோற்றில் மிச்சம் பிடித்ததில் கணிசமான பங்கைக் குழம்பில் கொட்டிவிட்டோம் என்று அர்த்தம். அதோடு வேர்க்கடலைச் சட்னியில் பனை வெல்லம். பலாப் பிஞ்சை வெல்லத்தோடு மணிக்கணக்கில் வேகவைக்கும் குடெக் இந்த மேசைக்கே வரக் கூடாது.

அதனால் நான் சொல்வது: மாவுச்சத்தைக் குறைக்க நினைத்தால் ஜாவாவிலிருந்து கொஞ்சம் மேற்கே நகருங்கள். சுமத்ராவின் மினாங்கபாவு சமையலில் மிளகாயும் தேங்காய்ப் பாலும் மசாலாவும்தான் ஆட்சி, இனிப்புக்கு இடமில்லை. பலாப் பிஞ்சு போட்ட குலாய் என்ற தேங்காய்ப் பால் குழம்பு, பச்சை மிளகாயில் செய்யும் சம்பல் இஜோ எல்லாம் அப்படியே ஒத்துவரும். மினாங்கபாவுச் சமையலைப் பரிமாறும் பாடாங் உணவகங்களில் பலாப் பிஞ்சுக் குலாயை மாட்டெலும்புச் சாற்றில் வேகவைப்பதும் உண்டு, வெளியில் சாப்பிடும்போது கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் அந்தக் கவலை இல்லை.

கெச்சாப் மானிஸுக்கு மாற்று?

சாதாரணச் சோயா சாஸ் நாலு மேசைக்கரண்டி, தண்ணீர் இரண்டு, தட்டிய பூண்டுப் பல் ஒன்று, இஞ்சித் துண்டு, அன்னாசிப்பூ பாதி. சிறு தீயில் மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு, இரண்டு தேக்கரண்டி கருப்பட்டித் தூள் சேர்த்து இறக்குங்கள். நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு இரண்டு கிராம் சொச்சம் சர்க்கரை. கெட்டியாக இருக்காது. சீனித் துளசி போன்ற மாற்று இனிப்புகளையும் முயன்றேன். சோயாவின் உப்போடு சேர்ந்து ஒரு கசப்பு நாக்கின் பின்னால் தங்கிவிட்டது. கொஞ்சமாக உண்மையான கருப்பட்டியே மேல்.

கருப்பட்டி இங்கே ஒட்டவைத்த சமாளிப்பு என்று நினைக்க வேண்டாம். அவர்களுடைய குலா ஜாவா என்ற வெல்லம் பெரும்பாலும் தென்னை அல்லது அரேன் பனையிலிருந்து வருவது. கிழக்கு ஜாவாவின் தூபான் பகுதியில் நம்முடைய அதே பனைமரம் நிற்கிறது, அதே பதநீர் இறக்குகிறார்கள்.

டெம்பே என்றால் என்ன? டோஃபுவும் அதுவும் ஒன்றா?

இல்லை. டோஃபு சோயாப் பாலைத் திரித்த கட்டி; சீனர்கள் வழியாக ஜாவாவுக்கு வந்தது. டெம்பே ஜாவாவிலேயே பிறந்தது. தோல் நீக்கி வேகவைத்த முழுச் சோயா மேல் ரைசோபஸ் என்ற பூஞ்சையை வளரவிட்டால், அதன் வெள்ளை இழைகள் பருப்புகளைப் பின்னி ஒரே பலகையாக்கிவிடும். 100 கிராமில் சுமார் 20 கிராம் புரதம், மாவுச்சத்து 10 கிராமுக்குள். புளிக்கவைத்ததால் வயிற்றில் கடமுடா குறைவு. பூஞ்சை என்றதும் முகம் சுளிக்க வேண்டாம், இட்லி மாவு பொங்குவதும் நுண்ணுயிர் வேலைதான்.

வீட்டிலேயே செய்யலாமா?

செய்யலாம், நம் ஊர் வெயில் இதற்கென்றே அமைந்தது. அந்தப் பூஞ்சையின் வித்து உள்ள உறைப்பொடி மட்டும் இணையத்தில் வாங்க வேண்டும். அரைக் கிலோ சோயாவை இரவு ஊறவைத்து, கையால் பிசைந்து தோலை நீக்கி, முக்கால் மணி நேரம் வேகவைத்து, ஈரமே இல்லாமல் உலர்த்துங்கள் (இங்கேயும் தண்ணீர்தான் எதிரி). வெதுவெதுப்புக்கு ஆறியதும் ஒரு மேசைக்கரண்டி வினிகரும் உறைப்பொடியும் கலந்து, வாழையிலையில் இரண்டு விரல் கனத்துக்குப் பொட்டலம் கட்டி, 30 டிகிரி சூட்டில் 36 முதல் 48 மணி நேரம் விட்டுவிடுங்கள். ஒரு நாள் ஆனதும் பொட்டலம் தானே சூடேறும்; அப்போது ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் தள்ளித் தள்ளி வையுங்கள்.

வெள்ளையாகக் காளான் வாசனையோடு இருந்தால் வெற்றி. காற்றுப் படும் இடத்தில் சாம்பல், கறுப்புப் புள்ளி வருவது பூஞ்சை முதிர்ந்ததன் அடையாளம், பயமில்லை. பிசுபிசுப்பு, இளஞ்சிவப்பு, அழுகல் நாற்றம் இருந்தால் ருசி பார்க்காமல் தூக்கிப் போடுங்கள்.

இன்னொன்று முக்கியம். தேங்காய்ப் பால் பிழிந்த சக்கையிலும் டெம்பே செய்யலாமே என்று சிக்கன மூளை சொல்லும். கூடாது. ஜாவாவில் டெம்பே பொங்க்ரெக் என்று அப்படி ஒன்று இருந்தது. அதில் ஒரு பாக்டீரியா சுரக்கும் பொங்க்ரெக் அமிலம் பல உயிர்களைப் பறித்து, கடைசியில் அரசே அதைத் தடை செய்தது. சோயாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டெம்பே கசக்கிறது என்கிறார்களே?

லேசாகக் கசக்கும். சமைக்குமுன் பத்து நிமிடம் ஆவியில் வைத்தாலோ, பூண்டு, கொத்தமல்லி விதை, உப்பு அரைத்த நீரில் ஊறவைத்தாலோ குறையும். 200 கிராம் டெம்பேயைத் தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமனாக நறுக்கி, பொன்னிறமாகப் பொரித்து வைத்துக்கொள்ளுங்கள். அதே வாணலியில் சிறிய வெங்காயம், சிவப்பு மிளகாய், தட்டிய அரத்தை வதக்கி, மேலே சொன்ன சோயாச் சாற்றையும் ஒரு கரண்டி புளிக்கரைசலையும் ஊற்றிச் சுண்டியதும் டெம்பேயைப் போட்டுப் புரட்டினால் டெம்பே ஓரெக். நல்ல சோயா வாசனை சூடான இரும்பில் பட்டு எழும்போது பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள்.

மசாலாப் பொருள்களுக்கு எங்கே போவது?

பாதி நாட்டு மருந்துக் கடையில் இருக்கிறது. அவர்களுடைய லெங்குவாஸ் நம் பேரரத்தை. வேர்க்கடலைச் சட்னிக்கும் உராப்புக்கும் தனி மணம் தரும் கெஞ்சூர் நம் கச்சோலம். நகக்கண் அளவுக்கு மேல் வேண்டாம், கற்பூர வாசனை எல்லாவற்றையும் மூடிவிடும். புளிக்கு அவர்கள் வைத்த பெயர் அசாம் ஜாவா, ஜாவாப் புளி! கெமிரி என்ற கொட்டை குழம்பைக் கெட்டியாக்குவதற்கு. அதைப் பச்சையாகத் தின்னக் கூடாது, நஞ்சு. நமக்கு முந்திரியோ தோல் உரித்த பாதாமோ போதும்.

தாவுன் சாலம் என்ற இலைக்குப் பலர் பிரிஞ்சி இலையைப் போடச் சொல்கிறார்கள். அது வேறு இது வேறு; சாலம் நம் நாவல் மரத்தின் இனம். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். கறிவேப்பிலை போட்டால் வாசனை நம் வீட்டுப் பக்கம் திரும்பிவிடும். ஆனால் ஆச்சே மாநிலத்துக் குழம்புகளில் கறிவேப்பிலை நிஜமாகவே உண்டு, ஆகவே கூச்சப்படவும் தேவையில்லை.

தெராசி இல்லாமல் சம்பல் ருசிக்குமா?

தெராசி என்பது இறால் கூழைப் புளிக்கவைத்த கட்டி. சம்பல், காடோ காடோ என்ற காய்க் கலவையின் சாஸ், கீரைப் பொரியல் என்று எதிர்பாராத இடத்திலெல்லாம் அது ஒளிந்திருக்கும். பயணத்தில் இருந்தால் "தன்பா தெராசி" (தெராசி இல்லாமல்) என்ற இரண்டு சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வீட்டில், காளானைப் பொடியாக நறுக்கிக் கறுக்கும் தறுவாய்வரை வறுத்து, உப்போடு அரைத்துச் சேர்த்தால் அந்த அடிநாக்கு ருசியில் முக்கால்வாசி வந்துவிடும். தாவுச்சோ என்ற புளித்த சோயா விழுது கிடைத்தால் ஒரு தேக்கரண்டி.

சிவப்பு மிளகாய் எட்டு, சிறிய வெங்காயம் ஆறு, தக்காளி ஒன்று, பூண்டு இரண்டு. எண்ணெயில் வதக்கி, அம்மியில் கொரகொரப்பாக இழைத்து, எலுமிச்சை பிழியுங்கள். மிக்சியில் மைய அரைத்தால் அது சம்பல் இல்லை, சாஸ்.

சாயுர் லோடேயில் என்ன காய்?

சௌசௌ, காராமணிக்காய், கத்தரிக்காய், முட்டைக்கோஸ். எல்லாம் நம் சந்தையில் உள்ளவை, மாவுச்சத்தும் குறைந்தவை. பலாப் பிஞ்சும் சேரும். சிறிய வெங்காயம் எட்டு, பூண்டு நாலு, சிவப்பு மிளகாய் மூன்று, முந்திரி எட்டு, கொத்தமல்லி விதை ஒரு தேக்கரண்டி. இதை அரைத்தால் பும்பு. லோடேயின் உயிர் இந்த விழுது வதங்குவதில்தான். தேங்காய் எண்ணெயில் பச்சை வாசனை போய் எண்ணெய் பிரியும்வரை, அவசரப்படாமல், எட்டுப் பத்து நிமிடம். பிறகு அரத்தைத் துண்டு, எலுமிச்சைப்புல், இரண்டாம் பால் இரண்டு கிண்ணம், காய்கள். வெந்ததும் முதல் பால் ஒரு கிண்ணம். பால் ஊற்றியபின் தளதளவென்று கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். கிளறிக்கொண்டே இருந்து, ஓரத்தில் நுரை கட்டும்போது இறக்குங்கள்.

ஜாவாவில் இது நீர்க்க இருக்கும், சோறு அதை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால். காலிஃபிளவர் ஒரு சொட்டுகூட உறிஞ்சாது. தட்டில் குளம் கட்டும். அதனால் இரண்டாம் பாலைப் பாதியாக்கி, கூட்டுப் பதத்தில் இறக்குவேன். முதல்முறை இதைக் கவனிக்காமல் விருந்தாளிகளைக் கிண்ணத்தோடு குடிக்கவைத்தேன்.

உராப்?

பொரியல் தெரிந்தவர்களுக்குப் பாடமே தேவையில்லை. ஆவியில் வெந்த கீரை, பீன்ஸ், முளைப்பயறு. மிளகாய், பூண்டு, கச்சோலம் அரைத்துத் தேங்காய்த் துருவலோடு பிசறி ஆவி காட்டிக் கலப்பது. தாளிப்பு கிடையாது.

அப்பளம் மாதிரி ஏதாவது வேண்டுமே. க்ருபுக்?

மரவள்ளி மாவு, பெரும்பாலும் இறாலும் சேரும். இரண்டு காரணத்தாலும் வேண்டாம். டெம்பேயைத் தாள் போலச் சீவி, மாவில் தோய்க்காமல் மொறுமொறுவென்று பொரித்து வையுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் இதைத் தினமும் சாப்பிடலாமா?

மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கிவிட வாய்ப்பு உண்டு. மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். தேங்காய்ப் பாலில் மாவுச்சத்து குறைவு என்றாலும் கொழுப்பு ஏராளம், சோயா சாஸில் உப்பு அதிகம். இதயக் கோளாறோ ரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் அதையும் பார்க்க வேண்டும்.

காலிஃபிளவர் சோற்றில் தும்பெங் கோபுரம் கட்ட முடியுமா?

விசேஷ நாள்களில் மஞ்சள் சோற்றைக் கூம்பாக அமுக்கி நடுவில் நிறுத்துவார்களே, அதைக் கேட்கிறீர்கள். ஒரு பிறந்தநாளுக்கு வாழையிலைக் கூம்பில் அடைத்துக் கவிழ்த்தேன். எல்லாரும் கைப்பேசியை எடுப்பதற்குள் சரிந்துவிட்டது. ஒட்டுவதற்கு அதில் மாவு இல்லையே. சின்னக் கிண்ணத்தில் அமுக்கி ஆளுக்கு ஒன்றாகக் கவிழ்த்தால் நிற்கும்.

எந்த வேலையை எப்போது?

மதியமே காலிஃபிளவரைக் கழுவி உலர்த்துங்கள். மாலை ஆறு மணிக்குப் பும்பு, சம்பல். ஆறரைக்கு லோடேயை அடுப்பில் ஏற்றிவிட்டு, பக்கத்து அடுப்பில் டெம்பே பொரியட்டும். உராப் ஆறினாலும் பாதகமில்லை. காலிஃபிளவர் மட்டும் எல்லாரும் கை கழுவிவிட்டு உட்கார்ந்தபின். ஐந்து நிமிட வேலை, முன்கூட்டியே செய்தால் நீர் கோத்துக்கொள்ளும்.

மீந்ததை என்ன செய்வது?

லோடே மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும், சூடாக்கும்போது கொதிக்கவிடாதீர்கள். பொரிக்காத டெம்பே உறைபெட்டியில் இரண்டு மூன்று மாதம் தாங்கும். டெம்பே சற்று முதிர்ந்து நெடியேறிவிட்டதா? ஜாவாக்காரர்கள் அதை டெம்பே செமாங்கிட் என்று சொல்லி, வேண்டுமென்றே லோடேயில் நசுக்கிப் போடுவார்கள். ஒரு துண்டோடு தொடங்கிப் பாருங்கள். காலிஃபிளவர் சோறு மட்டும் மிஞ்சாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்தால் காலையில் கதவைத் திறக்கும்போதே தெரியும்.